எலக்ட்ரிக் பிக்கப்பின் சஸ்பென்ஷனில் கை வைப்பதற்கு முன்

மிச்சிகனின் வடக்குத் தீபகற்பத்தில் செனி என்ற சிற்றூரிலிருந்து ஷிங்கிள்டன் வரை எம்-28 நெடுஞ்சாலை ஏறக்குறைய 25 மைல் நூல் பிடித்தாற்போல நேராகப் போகிறது. இரண்டு பக்கமும் சதுப்பு நிலமும் காடும்தான். எதிரே வருகிற வண்டியின் விளக்கு நம்மை வந்து சேரும் முன்பே சில நிமிடங்கள் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். 2024 செப்டம்பரில் ஓர் இரவு, ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு மூனிசிங் பக்கம் முகாமிடப் போய்க்கொண்டிருந்தோம். எதிரே வந்த முதல் வண்டி ஹைபீம் அடித்தது. இரண்டாவதும் அடித்தது. மூன்றாவதாக வந்த மரலாரி விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. "என்னங்க, நம்ம லைட்டு ஹைபீம்ல இருக்கா பாருங்க" என்றாள் மனைவி. பார்த்தேன், லோ பீம்தான். ஆனாலும் சாலையோர மரங்களின் உச்சியில் என் வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்தது.

ஏழெட்டு வண்டிக்காரர்களின் கண்ணைக் கூச வைத்துக்கொண்டே அந்த 25 மைலையும் கடந்தோம். இருட்டில் மான் குறுக்கே வரும் சாலை அது. எதிரில் வந்தவர்களில் யாருக்காவது என்னால் ஏதாவது ஆகியிருந்தால் என்ற எண்ணம் கூடாரம் போட்ட பிறகும் போகவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அந்த ஏப்ரலில் வண்டியின் முன்பக்கத்தை நானே உயர்த்தியிருந்தேன்.

வண்டி ஃபோர்டு எஃப்-150 லைட்னிங், லாரியட் ரகம், பெரிய பேட்டரி. அதில் பயன்படுத்தக்கூடிய அளவு 131 கிலோவாட் மணி, நம்மூர்க் கணக்கில் 131 யூனிட். 2023 கோடையில் வாங்கினோம். நாங்கள் இருக்கும் நோவையிலிருந்து இந்த வண்டியைக் கட்டிய டியர்பார்ன் ஆலை அரை மணி தூரம்தான். பெட்ரோல் எஃப்-150யின் பின்பக்கத்தில் லாரியைப் போல ஸ்பிரிங் பட்டையும் ஒரே திட அச்சும் இருக்கும். லைட்னிங்கில் அது கிடையாது. பின்பக்க மோட்டார் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதால், ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் காயில் ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். இனி நான் சொல்லப் போவதில் பாதிக்கு மேல் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருகிறது. இதை முதலில் மனதில் பதித்துக்கொண்டிருந்தால் நான் செய்த தவறுகளில் பலவற்றைச் செய்திருக்க மாட்டேன்.

எந்தப் பிக்கப்பையும் காலியாக நிறுத்திப் பக்கவாட்டில் பாருங்கள். முன்பக்கம் கொஞ்சம் குனிந்து, பின்பக்கம் தூக்கலாக இருக்கும். தரையிலிருந்து சக்கர வளைவின் விளிம்பு வரை டேப் வைத்து அளந்தேன். என் வண்டியில் முன்னால் 37½ அங்குலம், பின்னால் 39¼. இந்த ஒன்றேமுக்கால் அங்குலக் குனிவு எனக்குப் பிடிக்கவில்லை. மார்ச் மாதம் பனி உருகியதும் மிச்சிகன் சாலைகளில் விழுகிற குழிகளை நினைத்து, முன்பக்கம் கொஞ்சம் உயர்ந்தால் நல்லதுதானே என்றும் தோன்றியது. அலுவலகத்தில் ஒருவர் தன் பெட்ரோல் பிக்கப்பை இப்படிச் சமப்படுத்தி வைத்திருந்தார். பார்க்க அழகாகவே இருந்தது.

இதற்கு லெவலிங் கிட் என்று விற்கிறார்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த முன்பக்க ஸ்ட்ரட்டின் தலைக்கும் அது பொருந்தும் இடத்துக்கும் நடுவே வைக்கும் ஒரு வட்ட உலோகத் துண்டு, ஸ்பேசர். ஒரு அங்குலத் தடிமன் ஸ்பேசர் வைத்தால் வண்டி ஒரு அங்குலம் உயரும் என்று நினைத்தால் தவறு. ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் நடுவாக்கில் பொருந்துகிறது, சக்கரமோ அந்தக் கையின் நுனியில் இருக்கிறது. ஏற்றம் இறைப்பதைப் போலத்தான், நடுவில் ஓர் அங்குலம் அசைந்தால் நுனியில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் அசையும். ஒரு அங்குல ஸ்பேசர் எனக்கு இரண்டு அங்குல உயரம் கொடுத்தது. கிட் 140 டாலர், பொருத்தும் கூலி 350, அலைன்மென்ட் 150. கூடவே டயரையும் மாற்றினேன். கம்பெனி கொடுத்தது 275/60ஆர்20. நான் போட்டது கரடுமுரடான பள்ளங்களுள்ள, பாரம் தாங்கும் தடித்த சுவருள்ள 275/65ஆர்20.

முதல் மாதம் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சஸ்பென்ஷன் கடினமாகிவிடும் என்று பயந்தேன், ஆகவில்லை. ஸ்ட்ரட்டின் மேலே வைக்கும் ஸ்பேசர் ஸ்பிரிங்கை அழுத்துவதில்லை. ஸ்ட்ரட் முன்பு எந்த நீளத்தில் நின்றதோ அதே நீளத்தில்தான் நிற்கிறது, ஆகவே சாதாரண தார்ச்சாலையில் வித்தியாசமே தெரியாது. மாறுவது கோணம். சக்கரம் வண்டியின் உடலைவிட இரண்டு அங்குலம் தள்ளிக் கீழே தொங்குகிறது. மேல்கையின் நுனி மூட்டான பால் ஜாயின்ட், மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் அரை அச்சைச் சாய்ந்த நிலையிலும் சுழலவிடும் சி.வி. ஜாயின்ட் எல்லாம் அந்தச் சாய்வில்தான் இனி வேலை செய்ய வேண்டும். வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் முழுவதுமாகத் தொங்கும் அந்த ஒரு நொடியில் கோணம் இன்னும் கூடும்.

பெட்ரோல் வண்டியில் இதே கோணம் பெரிய தொல்லை தராமல் ஓடிவிடலாம். எலக்ட்ரிக்கில் நிலைமை வேறு. லைட்னிங்கின் முறுக்குவிசை 775 பவுண்டு-அடி, அதுவும் மிதித்த உடனே வந்துவிடும். அப்புறம் ரீஜென். நான் எப்போதும் ஒற்றைப் பெடலில் ஓட்டுகிறவன். காலை எடுத்தவுடன் மோட்டார் ஜெனரேட்டராகி சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அதாவது அரை அச்சு ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு முறை முன்னோக்கியும் ஒரு முறை பின்னோக்கியும் முறுக்கப்படுகிறது. ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை. சாய்ந்து நிற்கும் ஜாயின்ட் ஒவ்வொரு முறையும் அதைத் தாங்க வேண்டியிருக்கிறது.

ஜூன் வாக்கில் இரண்டு சத்தங்கள் வந்தன. ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து மெதுவாகக் கிளம்பினால் டிக் டிக் என்று ஒன்று. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது ரப்பரைப் பிழிந்தாற்போல ஒரு முனகலும் அதைத் தொடர்ந்து ஒரு டொக்கும் இன்னொன்று. லாரிகளின் அடிப்பாகத்தில் இருபது வருடம் வேலை பார்த்த நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். டிக் டிக் சி.வி. ஜாயின்ட். அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் இன்னும் கிழியவில்லை, ஆனால் அதன் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிப் பளபளப்பாகியிருந்தன. இரண்டாவது சத்தத்துக்கு அவர் சொன்ன காரணம் எனக்கு அதுவரை தெரியாத ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கைகள் வண்டியின் சட்டத்தோடு (சேஸிஸ்) சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அந்த ரப்பர் உள்ளே உலோகத்தோடு ஒட்டியே இருக்கும், சுழலாது. கை ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்ப வருகிறது. அதன் போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி லிஃப்டில், சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுக்கியபடியே இருக்கும். சீக்கிரமே வெடிப்பு விட்டுக் கிழியும். என் வண்டியை அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். போல்ட்டைக் கையால் பிடிக்கும் அளவுக்கு மாட்டிவிட்டு, வண்டியை நான்கு சக்கரத்திலும் நிற்கவைத்து, ஒன்றிரண்டு தடவை அமுக்கி ஆட்டிவிட்டு, அதன்பிறகு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முழு அளவுக்கு இறுக்க வேண்டும். எந்தக் கடையில் விட்டாலும் இந்த ஒரு கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள்: "புஷ் போல்ட்டை எப்போது இறுக்குவீர்கள்?" பதில் தயங்கி வந்தால் வேறு கடை பார்க்கலாம்.

வாரண்டி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிச்சந்தையில் வாங்கிய பாகத்தைப் போட்டதற்காகவே முழு வாரண்டியையும் நிறுத்திவிட முடியாது. ஆனால் அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். உயர்த்திய வண்டியின் சி.வி. ஜாயின்ட்டைக் கொண்டுபோய் நீட்டினால் என்ன பதில் வரும் என்று எனக்கே தெரிந்திருந்தது. நியாயமான பதில்தான்.

அடுத்தது ரேஞ்ச், ஒரு சார்ஜில் ஓடும் தூரம். கோடையில் நெடுஞ்சாலையில் ஒரு யூனிட்டுக்கு 2.1 மைல் கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 1.8க்கு இறங்கியது. முன்பக்கம் உயர்ந்ததும் அடியில் புகும் காற்று ஒரு காரணம், கரடுமுரடான கனத்த டயர் பெரிய காரணம். ஆனால் அந்த 1.8 முழு உண்மையல்ல. பழைய டயரின் விட்டம் 838 மில்லிமீட்டர், புதியது 865. சக்கரம் ஒரு சுற்றுக்கு 3.3 விழுக்காடு கூடுதலாக ஓடுகிறது, வண்டியின் கணக்குக்கு அது தெரியாது. திரையில் 100 மைல் என்றால் ஓடியது 103. திருத்திப் பார்த்தால் 1.86. அதாவது இழப்பு 11 விழுக்காட்டுக்கு மேல். 131 யூனிட்டில் இது 30 மைலுக்கு மேற்பட்ட இழப்பு, ட்ரெய்லர் இழுக்கும் நாளில் ஒரு சார்ஜருக்கும் அடுத்த சார்ஜருக்கும் நடுவில் நம்மை வியர்க்க வைக்கும் தூரம் அது. வேகமானியும் அதே அளவு குறைத்துக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். 70 என்று காட்டும்போது நான் 72க்கு மேல் போய்க்கொண்டிருந்தேன்.

சரி, செனிக்கு வருகிறேன். முகாமில் மறுநாள் காலை டேப்பை எடுத்து அளந்தேன். ட்ரெய்லர் மாட்டி, பொருட்களெல்லாம் ஏற்றிய நிலையில் பின்பக்கம் இரண்டரை அங்குலம் இறங்கியிருந்தது. முன்பக்கம் ஏற்கெனவே இரண்டு அங்குலம் மேலே. மொத்தம் நான்கரை அங்குலச் சாய்வு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 145½ அங்குலம். 25 அடிக்கு அப்பால் உள்ள சுவரில் விளக்கின் வெளிச்சம் ஒன்பது அங்குலம் மேலே ஏறும் என்று கணக்கு வருகிறது. லோ பீமின் வெளிச்சம் மேலே முடிகிற வெட்டுக்கோடு அந்தத் தூரத்தில் விளக்கின் உயரத்திலிருந்து இரண்டு அங்குலம் கீழே விழ வேண்டும் என்பதுதான் பொதுவான அளவு. என் விளக்கு நேராக எதிர் ஓட்டுநரின் கண்ணுக்குப் போயிருக்கிறது. காலியாக இருக்கும்போது வண்டி ஏன் குனிந்து நிற்கிறது என்பது அன்று காலைதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது. அந்த ஒன்றேமுக்கால் அங்குலம் பாரத்துக்காக ஒதுக்கி வைத்த இடம். நான் அதை அழகுக்காகச் செலவழித்துவிட்டேன்.

அந்த வாரம் சங்ககிரியிலிருந்து மாமா வீடியோவில் பேசினார். முப்பது வருடம் லாரி வைத்திருந்தவர். பின்பக்கம் இறங்குகிறது, காற்றுப் பை ஏதாவது வைத்துத் தூக்கலாமா என்று யோசிக்கிறேன் மாமா என்றேன். அவர் உடனே, "எத்தனை டன்னு ஏத்தற கண்ணு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "எடை போடாம பட்டையைப் பத்திப் பேசப்படாது. நாங்களும் அந்தக் காலத்துல ரெண்டு பட்டை சேர்த்துப் போட்டிருக்கோம். வண்டி நிமிர்ந்து நிக்கும். அச்சுக்குத் தெரியுமா நீ பட்டை போட்டது?" என்றார்.

ஊருக்குத் திரும்பும் வழியில் லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப் ஒன்றில் எடை மேடையில் ஏற்றினேன். இங்கே கேட் ஸ்கேல் என்ற பெயரில் நெடுஞ்சாலைதோறும் இருக்கிறது, கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான். முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் என்று மூன்று தனித்தனித் தட்டுகள். ட்ரெய்லரோடு ஒரு முறை, பக்கத்தில் அதைக் கழற்றி நிறுத்திவிட்டு வண்டியை மட்டும் இன்னொரு முறை. இந்த இரண்டு சீட்டையும் வைத்துக்கொண்டால் எல்லாம் தெரிந்துவிடும்.

என் ஓட்டுநர் கதவின் ஸ்டிக்கரில் ஏற்றக்கூடிய பாரம் 1,790 பவுண்டு என்று இருக்கிறது. நாங்கள் நால்வர் 490. பின்தொட்டியின் மேல் போட்ட ஃபைபர் மூடி 200. விறகு, சைக்கிள், தண்ணீர், சமையல் சாமான் 350. ட்ரெய்லர் மொத்தம் 4,600, அதன் மூக்கு, வண்டியின் பின்னால் ட்ரெய்லரை மாட்டும் ஹிட்சில் அழுத்தும் எடை 560. கூட்டினால் 1,600. மொத்தத்தில் வரம்புக்குள்தான். ஆனால் இரண்டு இடத்தில் நெஞ்சு திக்கென்றது. என் ஹிட்ச் தகட்டில், பாரத்தைப் பிரிக்கும் கம்பி இல்லாமல் மூக்கு எடை 500 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருந்தது. ஒரு வருடமாக 560 ஏற்றியிருக்கிறேன். இரண்டாவது, அந்த 560 பின் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால் முன் அச்சிலிருந்து 190 பவுண்டைக் கிளப்பிப் பின்னால் தள்ளியிருந்தது. பின் அச்சு தன் வரம்புக்கு மிக அருகில் இருந்தது. முன்சக்கரம் அந்த அளவு லேசாகி, ஸ்டியரிங்குக்கும் முன் பிரேக்குக்கும் பிடிப்பு குறைந்திருந்தது. வடக்குத் தீபகற்பத்துக்குப் போகும் மேக்கினா பாலத்தின் ஐந்து மைலைக் காற்றில் கடந்தபோது ஸ்டியரிங் மிதந்தாற்போல இருந்ததற்குக் காரணம் கிடைத்தது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். காற்றுப் பை வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் வண்டி நேராக நிற்கும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். ஆனால் முன் அச்சிலிருந்து போன 190 பவுண்டு திரும்பி வராது. காற்றுப் பைக்கு உயரத்தைக் கொடுக்கத் தெரியும், எடையை இடம் மாற்றத் தெரியாது. அதைச் செய்வது பாரம் பிரிக்கும் ஹிட்ச். இரண்டு எஃகுக் கம்பிகள் நெம்புகோலாக இருந்து எடையின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் திருப்பி அனுப்புகின்றன. எனக்கு இரண்டுமே தேவைப்பட்டது, ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கக் கூடாது.

முதலில் முன் ஸ்பேசரைக் கழற்றினேன். இம்முறை புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நின்ற பிறகு இறுக்கினோம், அதன்பின் அலைன்மென்ட். இடது பக்க டிக் டிக் அன்றே நின்றது. ஜாயின்ட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்று நண்பர் சொன்னபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

பிறகு பின்பக்கக் காயிலுக்குள் நுழைக்கும் காற்றுப் பைகள், ஜோடி 180 டாலர். இதை நானே பொருத்தினேன், ஒரு சனிக்கிழமை முழுக்கப் பிடித்தது. செய்முறை கடினமில்லை. சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தினால் சக்கரம் தொங்கிக் காயில் தளர்ந்துவிடும். காற்றை முழுக்க உறிஞ்சி, பையைச் சப்பாத்தியைச் சுருட்டுவது போலச் சுருட்டி, காயிலின் இடைவெளி வழியாக உள்ளே தள்ள வேண்டும். ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி தேவைப்படவில்லை, அதுவே பெரிய பாதுகாப்பு.

ஆனால் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும், மூன்றும் எலக்ட்ரிக் என்பதால் வருபவை. பெட்ரோல் எஃப்-150க்கு எடுத்த வீடியோவைப் பார்த்துக்கொண்டு இந்த வண்டியில் இறங்காதீர்கள், அங்கே திட அச்சு, இங்கே சக்கரத்துக்கு ஓர் அரை அச்சு. இடம் போதவில்லை என்று ஏதாவது கையைக் கழற்றி அளவுக்கு மீறித் தொங்கவிட்டால் உள் ஜாயின்ட் விலகிவிடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் இழுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அடுத்தது, ஜாக்கி. வண்டியின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட முழுவதும் பேட்டரிதான், அதன் கவசத் தகடு பார்க்கத் தட்டையாக, ஜாக்கி வைக்க வசதியான இடம் போலவே இருக்கும். அங்கே வைக்கவே கூடாது. கையேட்டில் காட்டியுள்ள சட்டத்தின் புள்ளிகளை மட்டுமே நம்புங்கள். கடைசியாக, ஆரஞ்சு நிற ஒயர்கள். அவை உயர் மின்னழுத்தம். வண்டியை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் தொடவோ, காற்றுக் குழாயை அதோடு சேர்த்துக் கட்டவோ வேண்டாம். புதிதாக எங்கும் துளை போடாதீர்கள். நான் குழாயைச் சட்டத்தின் வெளிப்பக்கமாகக் கொண்டுபோய், நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த துளையில் வால்வுகளை மாட்டினேன்.

இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் போடுங்கள். ஆங்கில T வடிவ இணைப்பு போட்டு ஒரே வால்வில் சேர்த்தால் வேலை மிச்சம்தான், ஆனால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கப் பை அமுங்கி, அதிலுள்ள காற்று உட்பக்கப் பைக்குப் போய்விடும். வண்டி இன்னும் கூடுதலாகச் சாயும். ட்ரெய்லரோடு அது நல்லதல்ல.

என் பைகளுக்குக் குறைந்தபட்சம் 5 பி.எஸ்.ஐ., அதிகபட்சம் 35. காலி வண்டியில், குளிர்காலம் தவிர, 5க்கு மேல் வைப்பதில்லை. தனித்தனியாக ஏறி இறங்கும் பின் சஸ்பென்ஷனில் உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் மாறுகிறது. பாரத்தில் இறங்கினால் டயரின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து உள்விளிம்பு தேயும், அளவுக்கு மீறித் தூக்கினால் வெளிவிளிம்பு தேயும். பட்டை ஸ்பிரிங் வண்டிக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. நமக்கு உண்டு. ஆகவே பாரம் ஏற்றிய நிலையில் பழைய காலி உயரத்துக்கு முழுக்கத் தூக்கவும் நான் முயலவில்லை. ஓர் அங்குலம் இறங்கியிருக்கட்டும் என்று விடுகிறேன்.

மாட்டும் வரிசை முக்கியம், அதைச் சரியாகக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று பயணம் ஆயிற்று. முதலில் ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றி, ட்ரெய்லர் இல்லாமல், பையில் காற்றடித்து உயரத்தைச் சரி செய்கிறேன். எனக்கு 14 பி.எஸ்.ஐ. போதுமானதாக இருக்கிறது. அந்த நிலையில் முன்பக்க உயரத்தை அளந்து எழுதிக்கொள்கிறேன். பிறகு ட்ரெய்லரை மாட்டி, பையைத் தொடாமல், ஹிட்சின் கம்பிகளை மட்டும் இறுக்கி, முன்பக்கம் அந்த எழுதிய அளவுக்குப் பக்கத்தில் திரும்ப வரும் வரை சரி செய்கிறேன். மறுபடி எடை மேடையில் ஏற்றிப் பார்த்தபோது இழந்த 190 பவுண்டில் 140 முன் அச்சுக்குத் திரும்பியிருந்தது. ட்ரெய்லரைக் கழற்றும்போது இதன் தலைகீழ். கம்பியைத் தளர்த்திய பிறகே பையின் காற்றை இறக்க வேண்டும். காற்றடிக்கப் பின்தொட்டியிலுள்ள மின்சாக்கெட்டில் ஒரு சின்ன கம்ப்ரஸரைச் செருகிக்கொள்கிறேன். இந்த வண்டியில் எனக்கு மிகவும் பிடித்த வசதிகளில் அந்தச் சாக்கெட்டும் ஒன்று.

விளக்கையும் பார்த்துவிடுங்கள். பாரம் ஏற்றிய நிலையில், சமதளத்தில், சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துவிட்டு வெட்டுக்கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. சஸ்பென்ஷனில் எதைத் தொட்டாலும் இதைச் செய்யாமல் இரவில் கிளம்பக் கூடாது என்பதில் நான் இப்போது மிகக் கண்டிப்பாக இருக்கிறேன்.

சக்கர நட்டுகளை இறுக்குவது 150 பவுண்டு-அடிக்கு, 100 மைல் ஓடியதும் திரும்ப ஒரு முறை. பைகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பது மாதம் ஒரு தரம். ஜனவரிக் குளிரில் கராஜிலிருந்து எடுத்து வெளியே ஒரு மணி நேரம் நிறுத்தினாலே அழுத்தம் இறங்குகிறது, ஆகவே குளிர்காலத்தில் 5க்குப் பதில் 8 வைக்கிறேன். சாலையில் கொட்டும் உப்பு வால்வின் மூடிக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும், பித்தளை மூடி போட்டேன். டயர் மட்டும் இன்னும் அந்தப் பெரிய அளவுதான். நன்றாகத் தேயும் வரை ஓட்டிவிட்டு, 275/60க்கே திரும்பிவிடுவேன்.

2025 ஆகஸ்டில் அதே ட்ரெய்லரோடு அதே எம்-28ல் இரவில் போனோம். பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். எதிரே வந்தவர்கள் யாரும் விளக்கை அடிக்கவில்லை. மனைவி அதைக் கவனித்துச் சொன்னாள்.

கழற்றிய ஸ்பேசர் இரண்டும் கராஜ் அலமாரியில் இருக்கின்றன. போன வாரம் இதே வண்டி வைத்திருக்கும் தமிழ் நண்பர் ஒருவர், முன்பக்கம் குனிந்து நிற்பது பிடிக்கவில்லை, அவற்றைத் தன்னிடம் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அவர் வாரக் கடைசிகளில் கல்யாணங்களுக்குப் பந்தல் சாமான் ஏற்றிப் போகிறவர். இந்தச் சனிக்கிழமை காலை சாமானை ஏற்றிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வீட்டிலிருந்து பன்னிரண்டு மைலில் ஓர் எடை மேடை இருக்கிறது. அவருடைய சீட்டைக் கையில் வாங்கிய பிறகு ஸ்பேசரைப் பற்றிப் பேசிக்கொள்வதாக ஏற்பாடு.